எல்கேஜி, யுகேஜி பெற்றோருக்கு: நோட்டில் ஏன் இன்னும் எழுத்து இல்லை?

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளைத் தினமும் கைபிடித்துக் கூட்டி வரும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. வாசலில் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், நோட்டுல இன்னும் ஒண்ணும் எழுதலையே?" கேட்க வேண்டிய கேள்விதான். விடிய விடிய கடலில் கிடந்தும், பாசி எடுக்கப் போயும், கருவாடு காயவைத்தும் பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள். அது என்ன படிக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன வாரம் யுகேஜியில் சில பிள்ளைகள் மீன் ஏலம் விட்டு விளையாடினார்கள். சிப்பிதான் மீன். ஒரு பையன் "நூறு... நூத்திப்பத்து... நூத்தி இருவது" என்று ஏலம் கூறினான். பத்துப் பத்தாக ஏற்றிச் சொல்ல நாங்கள் கற்றுத்தரவில்லை, கடற்கரையில் கேட்டுப் பழகியது. ஏலம் எடுத்த பெண் பிள்ளை சிப்பியை நாலு கூறாகப் போட்டாள். "இந்தக் கூறு சின்னது" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். எண்ணினார்கள். மூன்று கூறில் ஐந்தைந்து, ஒன்றில் மூன்று. கலைத்தார்கள், மறுபடி போட்டார்கள். கடைசியில் நாலு நாலாக வந்தது, இரண்டு மிச்சம். மிச்சம் யாருக்கு என்று ஆசிரியையிடம் ஓடினார்கள். "நீங்களே பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கசமுசா. அப்புறம், காலையில் அழுதுகொண்டே வந்த பிள்ளையின் கையில் அந்த இரண்டையும் கொடுத்துவிட்டார்கள்.

பெரிய வகுப்பில் வகுத்தல், மீதி என்று வரப்போகும் கணக்கு இதுதான். இங்கே அது கையால் நடந்தது, நோட்டில் பதியவில்லை.

எழுத்தை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை, கையைத் தயார் செய்கிறோம். நாலு வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது, விரல்களுக்கும் பலம் போதாது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து ஒரு பக்கம் 'அ' எழுதச் சொன்னால் கை வலிக்கும், எழுத்தின் மேலேயே வெறுப்பு வரும். அதனால் இப்போது களிமண் பிசைகிறார்கள், மணி கோர்க்கிறார்கள், ஓலை மடிக்கிறார்கள், மணலில் விரலால் எழுதுகிறார்கள். சில மாதம் பொறுங்கள், பென்சில் தானாக விரல்களுக்குள் அமரும்.

கட்டை அடுக்கும் மூலையில் பாம்பன் பாலம் எப்போதும் பாதி கட்டியபடி நிற்கும். கப்பல் வந்தால் பாலம் எப்படித் திறக்கும் என்பதில் இருவருக்கு வாக்குவாதம். ஒருவனுடைய தாத்தா சொன்ன 1914 பழைய பாலம் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் எழும்பியது. இன்னொருவன் பார்த்தது 2025-ல் திறந்த புதுப் பாலம், நடுப்பகுதி அப்படியே மேலே ஏறும். இருவரும் சொன்னது சரி. இரண்டையும் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

நட்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். "எம்பிள்ள யாரோடயும் சேர மாட்டேங்குது" என்று கவலைப்பட வேண்டாம், அந்த வயது அப்படித்தான். நாலு வயதை ஒட்டித்தான் 'நீ டிரைவர், நான் கண்டக்டர்' என்று சேர்ந்து ஆடத் தொடங்குவார்கள். அப்போது சண்டையும் வரும். சண்டை போட்டுத் திரும்பச் சேர்வது இந்த வயதின் பெரிய பாடம், அதை நாம் புகுந்து கெடுக்கக் கூடாது. அடி விழுந்தால் நாங்கள் இருக்கிறோம். வீட்டில் தயவுசெய்து "அவனோட சேராதே, அந்தத் தெருவுப் பிள்ள" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளைகளுக்குள் நாம் கோடு போட வேண்டாம்.

விசைப்படகு வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் அப்பா வீட்டிலேயே இருக்கிறார். பள்ளி திறந்த கையோடு அவர் கடலுக்குப் போய்விடுகிறார். ஜூன் பாதியில் பல பிள்ளைகள் வீம்பு பிடிப்பதற்கும் தூக்கத்தில் அழுவதற்கும் இது ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளை தூங்கும்போது அப்பா சொல்லாமல் கிளம்ப வேண்டாம். போகிறேன், வருவேன் என்று பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்று, நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், போன், டிவி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சாயங்காலம் கரையில் விளையாட விடுங்கள், ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

வகுப்புக்குப் பனங்கொட்டை, காலிச் சிப்பி, கிழிந்த வலைத் துண்டு, மிதவைக் கட்டை எது இருந்தாலும் கழுவிக் கொடுத்தனுப்புங்கள். பவளப்பாறைத் துண்டு மட்டும் வேண்டாம், அதை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வகுப்பறை உங்களுக்காகத் திறந்திருக்கும். நாற்காலி போட மாட்டோம், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடத்தான் கூப்பிடுகிறோம். கடலுக்குப் போகிற அப்பாக்கள் கரையில் இருக்கும் எந்த நாளிலும் வரலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்