ஹாட் டாக்குக்குள் இருப்பது என்ன?

ஆசிரியருக்கு,

பதப்படுத்திய இறைச்சி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பன்னுக்குள் சாசேஜ் வைத்துத் தரும் ஹாட் டாக்கின் கொழுப்பையும் கலோரியையும் மட்டுமே பேசியது. இறைச்சி கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட் என்ற உப்பை விட்டுவிட்டது. சாசேஜுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவதும், உணவை நஞ்சாக்கும் பாட்டுலினம் கிருமி வளராமல் தடுப்பதும் அதுதான். சரி, ஆனால் அதுவே புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறக்கூடும் என்பதுதான் சிக்கல். பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு சாசேஜ் அளவு, சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே சொன்னது. என்றைக்கோ ஒன்று சாப்பிடுபவர் பயப்பட வேண்டாம். டியூஷன் முடிந்து மாலைதோறும் வாங்கித் தின்னும் பிள்ளைகளைப் பற்றித்தான் என் கவலை.

எங்கள் தெரு பேக்கரியில் கேட்டபோது, கடைக்காரர் ஃப்ரீசரிலிருந்து சிக்கன் சாசேஜ் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். கோழி இறைச்சிக்கு அடுத்து தண்ணீர், எண்ணெய், சோயா, ஸ்டார்ச். கடைசியில் கடுகளவு எழுத்தில் 'ஐஎன்எஸ் 250' என்ற சேர்க்கைப்பொருள் எண். அதுதான் நைட்ரைட் என்பது அவருக்கே தெரியவில்லை, பாவம். பன்னுக்குள் வைத்து விற்கும்போது அந்த லேபிளும் நம் கண்ணில் படாது. இறைச்சியின் அளவு, உப்பு, நைட்ரைட் மூன்றையும் தமிழில் எழுதிக் கடைப் பலகையில் வைக்க உணவுப் பாதுகாப்புத் துறை உத்தரவிடலாம்.

- ஒரு வாசகர், சென்னை