நிறுத்தச் சொன்னது நான்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 23 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, டி.பார்ம் படித்தவன். அதனால் இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவுண்டரில் நின்று பார்த்ததையும், நானே செய்த ஒரு தப்பையும் எழுதுகிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். எங்கள் கடையில் பிபி மாத்திரை வாங்குகிற நெல்லிக்குப்பம் பக்கத்து அம்மா ஒருவர், காலைக் கூட்டத்தில் முண்டியடித்து வந்து, சுருக்குப் பையிலிருந்து பாதி கிழிந்த அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் 50, நாலு மாத்திரை மிச்சம். "தம்பி, மருமவ முழுவாம இருக்கா. இது வயித்துப் புள்ளைக்கு ஆவுமா?" பின்னால் ஆறு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறாள், ஒன்றும் கேட்கவில்லை. "ஆவாதும்மா, நிறுத்திடச் சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்து நடந்ததை அந்தப் பெண்ணின் கணவர்தான் பிறகு சொன்னார். நிறுத்திய மூணாம் நாளே தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு என்று அழுகை. மசக்கை என்று விட்டுவிட்டார்கள். அது அடங்கியதும் பழைய நோய் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. நாலாம் மாதம் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை, சோறு இறங்கவில்லை, சத்து மாத்திரை அப்படியே கிடந்தது, செக்கப்புக்கும் போகவில்லை. மந்திரிக்கக் கூட்டிப் போய் விபூதி போட்டார்கள். கடைசியில் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர்தான் சத்தம் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு சாயங்காலம் கணவர் புதுச் சீட்டோடு என் கடைக்கு வந்தார். அதே செர்ட்ராலின், இந்தத் தடவை 100. எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை எனக்கு.

அப்புறம்தான் இந்த மருந்துகளைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, விற்கிற பொருளைப் பற்றி அவ்வளவு காலம் தெரியாமல் இருந்தது. மாத்திரையே சாப்பிடாத தாய்மார்களுக்கும் 100 குழந்தைகளில் 3 குழந்தை ஏதாவது ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறது. செர்ட்ராலின் போன்ற மருந்துகளால் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அதே வகையில் பராக்செடின் என்ற மருந்து மட்டும் கொஞ்சம் வேறு, முதல் மூன்று மாதத்தில் சாப்பிட்டால் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. இந்த வகை மருந்து எதையும் கடைசி மாதங்களில் சாப்பிட்டால், பிறந்த குழந்தைக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் கூடும் ஒரு கோளாறு ஆயிரத்தில் 2 என்பது 3 ஆகலாம். பத்தில் மூணு குழந்தைகள் சில நாள் நடுக்கமாக, சிடுசிடுவென்று, பால் குடிக்கச் சிரமப்பட்டு இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நிறுத்தினால் மட்டும் ஆபத்து இல்லை என்று யார் சொன்னது? மன அழுத்தம் திரும்பத் திரும்ப வந்த பெண்கள் கருவுற்றபோது அவர்களைப் பின்தொடர்ந்த ஒரு அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது. மாத்திரையை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 26 சதவீதம். லேசான மன அழுத்தம் என்றால் மாத்திரை இல்லாமல் பேச்சு சிகிச்சையிலேயே சமாளிக்கலாம் என்று டாக்டரே மெதுவாகக் குறைப்பதும் உண்டு. அதை அவர் முடிவு பண்ண வேண்டும். நானோ பக்கத்து வீட்டு அக்காவோ இல்லை.

தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டு இத்தனை வருஷத்தில் ஒரு மாமியார்கூட வந்ததில்லை. கர்ப்பத்தில் அதன் அளவைக் கூட்டியே கொடுக்கிறார்கள், வாயைத் திறக்காமல் வாங்கிப் போகிறோம். மனசுக்குச் சாப்பிடுகிற மாத்திரை என்றால் மட்டும் எல்லாரும் டாக்டர் ஆகிவிடுகிறோம். அதற்கு நம் ஊரில் பெயரே "தூக்க மாத்திரை", இல்லாவிட்டால் "நரம்பு மாத்திரை". இதில் பிள்ளைப் பயம் பாதிதான், மீதி வேறு. பெண் பார்க்க வந்தபோது மறைத்த விஷயமாக இருக்கும், புருஷனுக்கே தெரியாமல் இருக்கும். அட்டையை இங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கால்சியம் டப்பாவில் கொட்டிக்கொண்டு போகிற பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அவள் மாசமானால் யாரிடம் போய்க் கேட்பாள், சொல்லுங்கள். சத்தமில்லாமல் நிறுத்திவிடுவாள், அவ்வளவுதான். இத்தனைக்கும் குழந்தைக்கு முயற்சி பண்ணுவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசிவிடுவதுதான் நல்லது, தேவைப்பட்டால் மருந்தை மாற்ற நேரம் இருக்கும்.

ஒன்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வலிப்புக்கும், மனசு அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற இருமுனைக் கோளாறுக்கும் கொடுக்கிற வால்ப்ரோயேட் வேறு வகை. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வந்து விழுந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பையன் பிறந்தான். ரெண்டு நாள் கை கால் நடுங்கியது, டாக்டர் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாராம். தாய்ப்பாலும் கொடுத்தாள், செர்ட்ராலின் பாலில் போவது மிகக் குறைவு. மாமியார் இன்றும் பிபி மாத்திரைக்கு வருகிறார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

இப்போதெல்லாம் யாராவது அட்டையை நீட்டி "ஆவுமா" என்று கேட்டால், "எழுதிக் கொடுத்தவரைக் கேட்டீங்களா?" என்றுதான் கேட்கிறேன், கூட்டம் நின்றாலும் பரவாயில்லை என்று. டாக்டரிடம் உடனே போக முடியாதவர்களுக்காக, கவுண்டர் கண்ணாடியில் யுபிஐ ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் 14416 என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். டெலி மானஸ், அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது.

உங்கள் நாளிதழ் மூலமாகச் சுகாதாரத் துறைக்கு ஒரு கோரிக்கை. கர்ப்பிணி செக்கப்பில் எடை, பிபி, ரத்தம் எல்லாம் பார்க்கிறீர்கள். தாய்க்கு மன அழுத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, பத்தே கேள்வி, தமிழிலும் உண்டு, அஞ்சு நிமிஷ வேலை. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதையும் கேளுங்கள், கேட்கும்போது மாமியாரையும் புருஷனையும் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.