மாப்ளைக்கு, பாப்பா காலேஜ் விஷயமா

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. பாப்பாவுக்கு இஞ்சினியரிங் கட் ஆஃப் 200க்கு 186னு பாத்ததும் அம்மாகிட்ட படிச்சு காட்டினேன், கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப நல்லா இருக்காங்க, தெரு முழுக்க சொல்லிட்டு வந்துட்டாங்க.

கிண்டி இஞ்சினியரிங் காலேஜ் கெடைக்காது போல, நெலத்த அடமானம் வச்சாவது பேரு உள்ள பிரைவேட் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால சேத்துடவான்னு கேட்ருக்க. வேணாம்டா. காலேஜ் பேருக்கு மதிப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். கிண்டி 1794ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்ச எடம், அங்கலாம் கம்பெனிக்காரன் தேடி வருவான், மத்த காலேஜ் பசங்க ஆஃப் கேம்பஸ்னு வெளிய நடக்குற இன்டர்வியூக்கெல்லாம் அலையணும், ரெஸ்யூமையே படிக்காம ஒதுக்கிடுவாங்க, அது ரொம்ப அநியாயம்னு எனக்கு இன்னைக்கும் கோவம் வரும். ஆனா இதெல்லாம் மொத வேலைக்குத்தான். எங்க பிளான்ட்ல நானும் இன்டர்வியூ எடுக்குறேன்ல, அஞ்சாறு வருஷம் வேலை பாத்தவன்கிட்ட யாரும் எந்த காலேஜ்னு கேக்குறதில்ல, ஒரு டிராயிங்க குடுத்து இந்த டாலரன்ஸ், அதான் அளவுல எவ்ளோ கூட கொறைய இருக்கலாம்ங்கறது, ஏன் இவ்ளோ டைட்டா போட்ருக்காங்க, இந்த பேரிங் ஏன் சூடாகுதுன்னு கேப்போம், அங்கயே ஆள் யாருன்னு தெரிஞ்சிரும்.

2023ல சந்திரயான் 3 எறங்குச்சே, அதோட புராஜெக்ட் டைரக்டர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், மொதல்ல அங்க பாலிடெக்னிக்ல டிப்ளமோ, அப்புறம் சென்னைல ஒரு பிரைவேட் காலேஜ்ல பி.இ., அதுக்கப்புறம்தான் திருச்சி என்ஐடி, ஐஐடி மெட்ராஸ்ல பிஎச்டி. பெரிய எடத்துக்கு பதினெட்டு வயசுலயே போயாகணும்னு இல்ல பாரு, எம்.டெக் சேர்றதுக்கான கேட் (GATE) எக்ஸாம் எழுதி பின்னாடியும் போலாம். சூரியன ஆராய அனுப்புன ஆதித்யா எல்1 புராஜெக்ட் டைரக்டர் நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டை, படிச்சது திருநெல்வேலி கவர்மென்ட் இஞ்சினியரிங் காலேஜ். பாப்பாவுக்கு அவங்கள பத்தி சொல்லு, ஒரு பொண்ணுக்கு அது ரொம்ப தைரியம் குடுக்கும்.

நல்ல காலேஜ்ல உண்மையா கெடைக்கிறது கூட படிக்கிற பசங்கதான்னு எனக்கு தோணுது. நாலு பேரு ராத்திரி உக்காந்து மோட்டார் கன்ட்ரோலர் சர்க்யூட் போட்டுட்டு இருந்தா அஞ்சாவது ஆளும் வந்து உக்காரும். அதனால கட்டடத்த பாத்துட்டு வராத, லேப் சாயங்காலம் தொறந்திருக்குமா, மெஷின் ஓடுதா இல்ல துணி போத்தி வச்சிருக்காங்களான்னு சீனியர் பசங்கள கேளு. கவர்மென்ட் காலேஜ்ல ஃபீஸும் கம்மி, உங்க வீட்ல மொத பட்டதாரி அவதான, அந்த சலுகைக்கு சர்டிபிகேட்ட இப்பவே வாங்கி வை.

இன்னொன்னு, அவளுக்கு டிரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) தான் புடிக்கும்னு நீயே எழுதிருக்க. பேருக்காக வேற பிராஞ்சுல தள்ளிடாதடா, நாலு வருஷம் உக்காந்து படிக்கப்போறது அவ.

கவுன்சிலிங்ல எந்தெந்த காலேஜ், பிராஞ்சு வேணும்னு குடுக்குற சாய்ஸ் ஃபில்லிங்க லாக் பண்றதுக்கு முன்னாடி லிஸ்ட்ட எனக்கு அனுப்பு, ஞாயித்துக்கிழம போன்ல அவகிட்டயே பேசுறேன். தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் மாப்ள

(ஓசூர்லருந்து)