ராகி என்று எழுதினால், எவ்வளவு ராகி என்றும் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில் சென்னையில் புதிதாகத் திறந்திருக்கும் உணவகங்களைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருந்தது. அதில் சிறுதானியக் கடைகளுக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டிச் செய்தி. ராகி பீட்சா, ராகி நூடுல்ஸ், ராகி மோமோ, ராகி பரோட்டா என்று படத்தோடு போட்டு, எந்த ஏரியாவில் எந்தக் கடை, எத்தனை மணிக்குப் போனால் மேஜை கிடைக்கும் என்பது வரை எழுதியிருந்தீர்கள். அந்த ராகி பரோட்டாவில் ராகி எவ்வளவு, மைதா எவ்வளவு என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் பள்ளிப்பட்டில் மாவு மில் நடத்துகிறேன். மாமனார் போட்ட மில். அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் பார்த்தார், இப்போது நான் பார்க்கிறேன். எங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் எங்கள் பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகும், அவ்வளவு கிட்டம். நகரி, கார்வேட்டிநகரம் பக்கமிருந்தும் அரைக்க வருகிறார்கள். பாதிப் பேர் தெலுங்கில் பேசுவார்கள், பாதிப் பேர் தமிழில். திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது, சித்தூர் அந்தப் பக்கமே நின்றது. கோடு எங்கே போனாலும் ரெண்டு பக்கமும் அடுப்பில் கிண்டுவது ஒரே களிதான். நொய் போட்டு வேகவைத்து, கொதி வரும்போது கேழ்வரகு மாவைக் கொட்டி, கொஞ்சம் மூடி வைத்து, துடுப்பால் அழுத்திக் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி, இல்லை புளிச்சகீரைக் கடைசல், கோழி அடித்த அன்று கோழிக் குழம்பு.

இதைத்தான் இப்போது சென்னையில் ராயலசீமா சாப்பாடு என்று பெரிய கடைகளில் வைக்கிறார்கள். அதில் எனக்கு மனசார சந்தோஷம். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, கேழ்வரகு என்றால் முகம் சுளித்தவர்கள் கூடத் தேடி வருகிறார்கள். ஒரு உருண்டை களியும் கோழிக் குழம்பும் 300 ரூபாய்க்கு மேல் விற்கிறார்களே என்று எங்கள் ஊரில் சிலர் கோபப்படுவார்கள். நான் கோபப்பட மாட்டேன். மத்திய அரசு 2025-26க்குக் கேழ்வரகுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு உருண்டைக்குப் போகும் 100 கிராம் மாவுக்குத் தானியச் செலவு 5 ரூபாய்தான். ஆனால் அங்கே கடை வாடகை இருக்கிறது, கோழி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே இருபது பேருக்கு ஒரே அண்டாவில் கட்டியில்லாமல் கிண்டுகிறவரின் தோள்வலி இருக்கிறது. கிண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காசு நியாயம். களி என்று எழுதி களி கொடுக்கிற கடைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் குறை பரோட்டா, பீட்சா, நூடுல்ஸ், பன் பற்றியது. கேழ்வரகில் கோதுமையின் பசை கிடையாது. குளூட்டன் என்கிறார்களே, அதுதான். அது இருப்பதால்தான் மைதாவைப் பிசைந்தால் இழுபடுகிறது, மாஸ்டர் வீசும்போது கிழியாமல் மெல்லிசாகப் பரவுகிறது, பன் உப்பி நிற்கிறது. வெறும் கேழ்வரகு மாவைப் பிசைந்து வீசினால் கையிலேயே உடைந்துவிடும். வீட்டில் அடை தட்டும்போது கூட வாழையிலையிலோ ஈரத்துணியிலோ வைத்துத்தான் தட்டுகிறோம், விளிம்பு வெடிக்கும். ஆகவே ராகி பரோட்டா என்று ஒன்று வந்தால் அதில் மைதாவோ கோதுமையோ கணிசமாக இருந்தே தீரும். சேர்ப்பது தப்பில்லை, சேர்க்காமல் வராது. எவ்வளவு என்று சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

மகள் போரூரில் இருக்கிறாள். அவள் குடும்பத்தோடு அப்படி ஒரு புதுக்கடைக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். பரோட்டா லேசான பழுப்பில் வந்தது. கேழ்வரகுத் தோல் மணியோடு ஒட்டியே இருக்கும், அரிசித் தவிடு மாதிரி எங்கள் மில்லில் அதைத் தனியே எடுக்க முடியாது. தோலும் சேர்ந்துதான் மாவாகும், மாவு வெந்தால் நல்ல கறுப்புப் பழுப்பாகும். வெள்ளை மணி ரகம் இருக்கிறது, ஆனால் அது அதிகம் பயிராவதில்லை. பரிமாறிய தம்பியிடம் கேட்டேன், "ஃபுல் ராகிதான் மேடம்" என்றார். அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கை கழுவப் போனபோது சமையல்கட்டு வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். அவரிடம் கேட்டேன். "மைதா முக்கால், ராகி கால்தாம்மா. அதுக்கு மேல போட்டா வீசவே வராது" என்றார். தொழில் தெரிந்தவர், உள்ளதைச் சொன்னார். அவர் வாயில் வந்த அந்த ஒரு வரியை மெனுவில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் சிறுதானியக் கடை திறக்கப் போகிற ஒருவரின் ஆள் எங்கள் மில்லுக்கு வந்திருந்தார். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு கிலோ முழு மணியாகக் கேட்டார். சுத்தமாகக் கல், தூசி இல்லாமல் வேண்டும், கண்ணாடி ஜாடியில் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் அடுக்க என்றார். மாவு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். மாவு வேண்டாம், ரெடி மிக்ஸ் மூட்டையாக வேறு இடத்திலிருந்து வருகிறது என்று போனில் படத்தைக் காட்டினார். மூட்டையில் ஒட்டிய சீட்டில் முதல் பொருள் மைதா. ராகி மூன்றாவதாக இருந்தது, பக்கத்திலேயே அதன் சதவீதமும் போட்டிருந்தது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பாக்கெட் உணவு விற்கிறவர் எடை அதிகமுள்ள பொருளை முதலில் வைத்து வரிசையாகப் பொருள்பட்டியல் எழுத வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. பாக்கெட்டின் முகப்பில் ஒரு பொருளைப் பெரிதாகச் சொல்லி விற்றால் அதன் சதவீதத்தையும் போட வேண்டும். அதனால் கடைக்காரருக்குத் தன் மாவில் ராகி எவ்வளவு என்று நன்றாகவே தெரியும். மூட்டையிலிருந்து மாவு கிண்ணத்துக்கு மாறியதும் அந்தக் கணக்கு சமையல்கட்டோடு நின்றுவிடுகிறது. மேஜையில் உட்கார்ந்து காசு கொடுக்கிறவருக்கு அது வந்து சேர்வதில்லை. பத்து இடங்களிலாவது கிளை வைத்திருக்கிற உணவகங்கள் மெனுவில் கலோரி அளவு போட வேண்டும் என்று 2022 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. கலோரிக்கு மெனுவில் இடம் இருக்கிறதென்றால், "ராகி 25%" என்று எழுதவும் இடம் இருக்கும்.

இது வெறும் ருசி விஷயமாக இருந்தால் நான் பேப்பருக்கு எழுதியிருக்க மாட்டேன். என் நாத்தனார் பேரனுக்குக் கோதுமை ஆகாது. சீலியாக் என்று டாக்டர் சொன்னார். கோதுமை கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், வயிறு வலிக்கும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. அந்தக் குழந்தைக்குக் கேழ்வரகு தங்கமான தானியம், களி, கூழ், புட்டு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுகிறான். அவனுக்கு அரைக்கும் நாளில் நாங்கள் கோதுமை ஓட்டுவதில்லை. மெஷினைத் துடைத்து, முதலில் கொஞ்சம் அரிசி ஓட்டி அதை ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் கேழ்வரகு போடுவோம். முன்னால் அரைத்த மாவு கல் இடுக்கிலும் பையிலும் தங்கும் என்பது எந்த மில்காரருக்கும் தெரியும். இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கிற குழந்தையை ஒரு நாள் ஊருக்குக் கூட்டிப்போய், போர்டில் ராகி என்று இருக்கிறதே என்று நம்பி நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தத் தாய் கேட்டு ஏமாறவில்லை, படித்து ஏமாறுகிறாள்.

சர்க்கரைக்காரர்கள் கதை வேறு. எங்கள் மில்லுக்கு வருகிற பெரியவர்களில் பலர், கேழ்வரகு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று நினைக்கிறார்கள். அதிலும் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான், அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். நார்ச்சத்து இருக்கிறது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதெல்லாம் கிட்டத்திலேயே வராது, உண்மைதான். ஆனால் அந்தச் சத்து கால் பங்கு மாவில் கால் பங்குதான் வரும். மீதி முக்காலும் மைதா. சர்க்கரைக்கு நல்லது என்று நினைத்து ரெண்டு ராகி பரோட்டா கேட்கிற பெரியவருக்கு இதைச் சொல்ல வேண்டியது கடையின் கடமை.

சென்னை எல்லா ஊர்ச் சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்கிற ஊர். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் போட்டார்கள், சவுகார்பேட்டையில் வடநாட்டார் சாட் போட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, அவர்களுக்காகக் கொரியச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. இப்போது தெருவுக்குத் தெரு மந்தி என்கிற அரபுக் கறிச்சோறு. இவையெல்லாம் தட்டைப் பார்த்தாலே என்னவென்று தெரிகிற சாப்பாடு. மந்தியில் சோறு சோறாகவே இருக்கிறது, கறி கறியாகவே இருக்கிறது. மாவு அப்படியில்லை. மாவில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், அதனால்தான் மாவுக்கு மட்டும் எழுத்தில் கேட்கிறேன்.

ஒழுங்காகச் செய்கிற இடமும் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ், கார்வேட்டிநகரம் பக்கத்துப் பையன்கள் நடத்துகிறார்கள். மதியம் மட்டும் களி. பலகையில் சாக்பீஸில் "நொய் களி, கேழ்வரகு தோசை (உளுந்து, அரிசி சேர்ந்தது)" என்று எழுதியிருந்தார்கள். தோசைக்கு உளுந்து சேர்க்காமல் முடியாது, சேர்த்தோம் என்று சொல்லிவிட்டார்கள், முடிந்தது. கூட்டம் ஒன்றும் குறையவில்லை, பலகைக்குக் கீழே ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பெரிய கடைக்காரர்கள் இதற்கு டிசைனர் வைத்து மெனு அடிக்கிறார்கள், இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிற மூன்று சொல்லுக்குத்தான் இடமில்லை என்கிறார்கள்.

விவசாயிக்கும் இதில் பங்கு இருக்கிறது. கேழ்வரகு மோகம் வந்ததால் விளைச்சல் நன்றாக விற்கும் என்று நம்பி எங்கள் பக்கம் சிலர் கடலை போட்ட நிலத்தில் கொஞ்சம் கேழ்வரகு விதைத்தார்கள். சென்னையில் இத்தனை ராகிக் கடை இருந்தும் மண்டியில் பெரிதாகக் கேட்பாரில்லை. கால் பங்குதான் போகிறதென்றால் எங்கிருந்து கேட்பார்கள்? தட்டில் நிஜமாகவே ராகி ஏறினால்தான் அது வயலுக்கு வந்து சேரும். நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். அங்கே கொடுப்பது முழு மணி, மைதா கலக்க வழியே இல்லை.

உங்கள் பத்திரிகையால் ஒன்று செய்ய முடியும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு சிறுதானியக் கடைக்குப் போகும்போது, நடிகர் யார் வந்தார், விளக்கு எப்படி இருக்கிறது என்பதோடு மூன்று கேள்வி கேட்கட்டும். இந்தப் பண்டத்தில் ராகி எத்தனை சதவீதம்? கோதுமையோ மைதாவோ சேர்கிறதா? ராகி பண்டத்தையும் மைதா பண்டத்தையும் ஒரே கல்லில், ஒரே எண்ணெயில் போடுகிறீர்களா? முதலாளியைக் கேட்பதோடு மாஸ்டரையும் கேளுங்கள். வந்த பதிலை விலைக்குப் பக்கத்தில் போடுங்கள். பதில் சொல்லாத கடை என்றால், "கேட்டோம், சொல்லவில்லை" என்று அதையும் அதே இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மாவு மில் நடத்தும் வாசகி,
பள்ளிப்பட்டு