வாதிடவும் ஒரு பாடவேளை கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 விழுக்காடு இட ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 7 அன்று உறுதிசெய்தது. அந்த வாரம் வகுப்பில் பேச்சு அதன் பக்கம் திரும்பியது. தீர்ப்பை எதிர்த்துப் பேசிய மாணவியைப் பார்த்து ஒருவன், "நீ எந்தக் கோட்டாவில் வந்தாய்?" என்று கேட்டுவிட்டான். அவள் நோட்டை மூடினாள். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். நானோ, "போதும், பாடத்துக்கு வருவோம்" என்றேன். அந்தப் பருவம் முடியும்வரை அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அந்தப் பழியில் பாதி என்னுடையது.

அன்று அந்தத் தீர்ப்பையே அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். அன்றைய தலைமை நீதிபதி லலித்தே சிறுபான்மைத் தரப்பில் நின்றார். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை அந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்கியது பாகுபாடு என்றார் அதே தரப்பின் நீதிபதி ரவீந்திர பட். அதில் சமத்துவம் கெடவில்லை என்றது பெரும்பான்மை. இவ்வளவு கடுமையாக முரண்பட்டும் யாரும் யாருடைய பிறப்பையும் இழுக்கவில்லை.

நம் பிள்ளைகள் கண்ட வாதமெல்லாம் பட்டிமன்றமும் தொலைக்காட்சிக் கூச்சலும்தான். இரண்டிலும் எதிராளி சொல்வதைக் காதில் வாங்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் நம்மிடம் வேறொரு மரபும் உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சுபக்கம் என்னும் பகுதியில் நிறுவுமுன், கடவுளை மறுக்கும் உலகாயதம் தொடங்கி 14 மாற்றுக் கொள்கைகளைப் பரபக்கம் என்னும் பகுதியில் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றிலும் முதலில் அவர்கள் மதம், அதாவது அவர்கள் கொள்கை; பிறகுதான் மறுதலை, அதாவது அதற்கு மறுப்பு.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த முறையும் இதற்கு நெருங்கியதே. நால்வர் கொண்ட குழுவில் இருவருக்கு ஒரு தரப்பு, மற்ற இருவருக்கு மறுதரப்பு. வாதிட்டபின் தரப்பை மாற்றிக்கொண்டு மீண்டும் பேச வேண்டும். கடைசியில் தரப்புகளைக் கைவிட்டு, நால்வரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். சென்ற ஆண்டு இரண்டு முறை செய்து பார்த்தேன். தரப்பு மாறும்போதுதான் வகுப்பு அமைதியாகிறது. படித்துவிட்டு வராதவர்கள் அங்கே சிக்கிக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்லாமே விவாதப் பொருள் ஆகிவிடாது. ஒதுக்கீட்டின் அளவு, வரையறை, காலம் ஆகியவற்றை எப்பக்கமும் நின்று பேசலாம். தீண்டாமையை ஒரு தரப்பாக்கி, அடிபட்டவர் வீட்டுப் பிள்ளையை அதற்காக வாதாடச் சொல்வது கொடுமை. தலைப்பைத் தேர்வுசெய்ய ஆசிரியருக்கே பயிற்சி வேண்டும். எனக்கு யாரும் அதைத் தரவில்லை.

ஆகவே, வாரம் ஒரு பாடவேளை, அதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண், முன்னதாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி: இவற்றை அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் சேருங்கள். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்பும்படி சொல்லத் தெரிந்தவருக்குப் பாதி மதிப்பெண் போகட்டும். முதலில் ஒரு துறையில் சோதிக்க நினைத்தால், என் இரண்டாம் ஆண்டு வகுப்பு தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்