மகளின் வைன் பயிற்சி: பாலாவுக்கு ஒரு பதில்

ஊரெழு, யாழ்ப்பாணம்,
ஆவணி, ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள பாலா,

உன் குரல்பதிவைக் கேட்டேன். "பிள்ளையைச் சாராயக் கடையில் வேலைக்கு விட்டிருக்கிறாயாமே" என்று நீ கேட்டபோதே, செய்தி பாரிஸ் லாச்சப்பல் வந்து சேருமுன் எத்தனை வாய் மாறியிருக்கிறது என்பது விளங்கிவிட்டது. அது கடையில்லை, வைன் தயாரிக்கும் சிறிய இடம். வேலையுமில்லை, உள்ளகப் பயிற்சி. கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் படிக்கிறவர்கள் விடுமுறையில் எங்காவது போய்த் தொழில் பழக வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் பால் பதனிடும் இடம், விதைப் பண்ணை என்று போனார்கள். இவள் இதைக் கேட்டு வாங்கினாள். எட்டு வாரம். கிடைத்த காசு பஸ்ஸுக்குச் சரி.

முதலில் எனக்கும் முகம் கோணியது, உன்னிடம் மறைப்பானேன். அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிள்ளை சண்டை போடவில்லை. "அப்பம்மா, தோலகட்டியில் துறவிகள்தானே வைன் செய்கிறார்கள்" என்று மட்டும் கேட்டாள். நாம் இருவரும் சைக்கிளில் போய் அங்கே நெல்லிரசம் வாங்கிக் குடித்தது நினைவிருக்கிறதா? பூசைக்கு வைக்கும் வைன் முந்திரிகைப் பழத்தில் (திராட்சையில்) செய்ததாகவே இருக்க வேண்டும், கெட்டுப்போனதாக இருக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம். அம்மாவுக்கு அது பதிலாகவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தார்.

அங்கே அவள் செய்தது பெரும்பாலும் கழுவுதல்தான். தாங்கி, குழாய், போத்தல் எல்லாவற்றையும் கழுவிக் கழுவிக் கை சுருங்கிப்போனது. பழத்தை நசித்துத் தோலோடு நொதிக்க விடுகிறார்கள், நிறம் தோலில்தான் இருக்கிறது. பொங்கும்போது தோலெல்லாம் மேலே வந்து தடித்த மூடிபோல அடைத்துக்கொள்ளும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை அதைக் கீழே அமிழ்த்த வேண்டும். நமது சோளக வெயிலில் இன்னொரு தலையிடி: சூடு மிஞ்சினால் நொதிக்க வைக்கும் மதுவம் (ஈஸ்ட்) செத்துவிடும், அதனால் அறையைக் குளிரூட்டியே வைத்திருக்கிறார்கள். நொதிக்கும் தாங்கிக்குள் தலையை விட்டு மணந்து பார்க்கப் போனவளை மேற்பார்வையாளர் பிடித்து இழுத்து ஏசினாராம். உள்ளே நிற்பது காபனீரொட்சைட்டு, இரண்டு மூச்சில் ஆளை விழுத்திவிடும்.

வியாபாரப் பக்கம் அவள் பழகியது கொஞ்சம். மதுவரித் திணைக்களத்துக்கு எழுதும் கணக்குக் கொப்பிகளும் போயா (பௌர்ணமி) நாள் விற்பனைத் தடையும்தான் பாடம். 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் விளம்பரமும் செய்ய முடியாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் முடியாது. இவளுக்கு 22, தப்பினாள்.

ஒரு நாள் சோதித்துப் பார்க்கவென்று பொங்கி முடியாத சாற்றைப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். மூடி இறுக்கம். நடுச்சாமத்தில் வெடித்தது. நான் எழும்பி விளக்கைப் போடுவதற்குள் அம்மா கட்டிலுக்குக் கீழே போயிருந்தார். எண்பத்திரண்டு வயது. ஷெல் இல்லையம்மா, வைன் என்று சொல்லிக் கையைப் பிடித்துத் தூக்கினேன். பிள்ளை அழுதுவிட்டாள். அம்மாதான் முதலில் சிரித்தார்.

உனக்கு எழுத நினைத்த விஷயம் இனித்தான் வருகிறது. 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போன முந்திரிகைப் பந்தல், ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது வெறும் தூணாக நின்றதையும், மறுபடி இஸ்ரேல் புளூ இனக் கொடி நட்டதையும் அப்போதே எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து நான் நிறத்தைப் பார்த்துத்தான் பழம் வெட்டுகிறேன். கறுத்துவிட்டால் பழுத்துவிட்டது, அவ்வளவே என் அறிவு. பிள்ளை ஒரு சிறிய குழாய்க் கருவியோடு வந்து, ஒரு துளி சாற்றை நுனியில் வைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, பதினாலு" என்றாள். சாற்றில் நூற்றுக்குப் பதினாலு பங்கு சீனி என்று அர்த்தமாம். இருபத்திரண்டு அளவில் இருந்தால்தான் சாதாரண வைனுக்குரிய மதுசாரம் வருமாம். ஒரு லீற்றரில் ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால் ஒரு வீதம் மதுசாரம். என் பழம் எட்டு வீதத்துக்கே மூச்சு வாங்கும். மீதியைச் சீனி போட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

சீனி போடுவது கள்ள வேலை என்று நினைத்தேன். இல்லையாம். நெப்போலியனின் அமைச்சராக இருந்த சப்தால் என்பவர்தான் உங்கள் பிரான்சில் அதைப் பரப்பினாராம், குளிர் பகுதிகளில் இன்றும் சட்டப்படி செய்கிறார்களாம். அங்கே வெயில் போதாமல் போடுகிறார்கள். இங்கே வெயிலுக்கு என்ன குறை? நான் அவசரப்பட்டு வெட்டுவதுதான் குறை. உங்கள் கொடி குளிரில் உறங்கி எழும்பி வருடத்துக்கு ஒருமுறை காய்க்கிறது. நமது கொடிக்கு உறக்கமே கிடையாது. கத்தரித்தால் துளிர்த்து நாலு மாதத்தில் பழம் தருகிறது. வருடத்துக்கு இரண்டு முறை கிடைப்பதால் நமக்குப் பொறுமை வரவில்லை.

இந்த ஆடியில் நாலு வரிசையை அவள் சொல்படி பன்னிரண்டு நாள் கூட விட்டேன். கருவி பதினேழு காட்டியது. சாப்பிட்டுப் பார்த்தேன், இத்தனை காலம் விற்றது வேறு பழம்போலத் தெரிந்தது. ஆனால் அணிலும் கிளியும் குளவியும் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டன. நமது திருநெல்வேலிச் சந்தை வியாபாரி நிறையைத்தான் பார்க்கிறான், இனிப்புக்குத் தனிக் காசு தரமாட்டான். வைன்காரர் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித் தந்தார். அது அணில் தின்றதற்கே காணாது. கணக்கைக் காட்டினேன். பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டாள், பல்கலைக்கழக அறிக்கையில் சேர்க்கப் போகிறாளாம். என் நட்டத்துக்குப் புள்ளி வாங்கப் போகிறாள்.

பழைய மீன்வலையால் பந்தலை மூடலாம் என்பது அவளுடைய யோசனை. சனிக்கிழமை குருநகருக்குப் போய் விலை கேட்கப் போகிறேன். அடுத்த பழம் மார்கழியில்தான், மழை விட்டுவைத்தால். நீ வருவதென்றால் அப்போது வா. மூட்டுவலிக்கு நீ அனுப்பிய பூச்சு முடிந்துவிட்டது, அதில் இரண்டு கொண்டு வா. வைன் கொண்டு வராதே, அம்மா இருக்கிறார்.

அன்புடன்,
சிவா