பேட்ஜ் குத்தியிருந்த அந்த அண்ணனுக்கு

போன செவ்வாய் அம்மாவுக்கு பெட் (PET) ஸ்கேன், கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி உடம்பைப் படமெடுப்பது. வெறும் வயிறு, ஊசியும் போட்டாயிற்று. அப்போது பார்த்து மெஷின் மக்கர். யாரும் வாய் திறக்கவில்லை.

நீங்கள்தான் வெளியே வந்தீர்கள், சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் பேட்ஜோடு. டாக்டர் என்றேன். "இல்லைங்க, மெடிக்கல் பிசிசிஸ்ட்." மெஷினையும் கதிர்வீச்சு அளவையும் கவனிக்க அப்படியொரு வேலை இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

மருந்திலுள்ள கதிரியக்கப் பொருளான ஃபுளோரின்-18 பாதியாகக் குறைய 110 நிமிடம் ஆகும், கொஞ்சம் தாமதமானாலும் படம் எடுக்கலாம் என்று டோக்கன் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். கேட்காமலே கம்பளியும் கொண்டுவந்தீர்கள். குளிரில் கழுத்துப் பக்கக் கொழுப்பு மருந்தை இழுத்துப் படத்தைக் குழப்புமாமே! அம்மாவுக்கு அதெல்லாம் புரியவில்லை, போர்த்திவிட்டதும் தூங்கிவிட்டார்.

சீட்டு இன்னும் என் பர்ஸில். பெயர் கேட்க மறந்துவிட்டேன், அண்ணா. நன்றி.